துடைக்கப்பட்ட புள்ளி

ஜூன் 3, காலை 9.10

நிலவின் மறுபக்கம். வானியல் தரவுக் காப்பகம். பராமரிப்புப் பொறியாளர் தமயந்தி இருதயராஜ். இங்கே வேறு யாரும் இல்லை.

சர்வர் அறையின் வெப்பம் சரியாக இருக்கிறது. இரண்டு தொலைநோக்கிகளின் நேற்றைய படங்களும் சேர்ந்துவிட்டன. இணையத்தில் எங்கள் ‘தெரிந்த கோளாறுகள்’ பக்கத்தில் இன்று இரண்டைச் சேர்த்தேன். நட்சத்திரத்தின் பெயருக்கு நடுவே இடைவெளி விட்டுத் தேடினால் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்கிறது காப்பகம். மாற்றுவழி: இடைவெளி விடாதீர்கள். பெரிய கோப்புகள் பாதியில் அறுந்துபோகின்றன, திரையோ முழுதும் இறங்கிவிட்டது என்று பொய் சொல்கிறது. மாற்றுவழி: திரையை நம்பாதீர்கள்.

எதையும் சரிசெய்ய எனக்கு அனுமதி கிடையாது. மென்பொருளைத் தொட்டால் ஒப்பந்தம் முறிந்துவிடுமாம். கோளாறைக் கண்டுபிடி, எழுதிப் போடு, சுற்றிப் போக வழி சொல். இதற்குத்தான் என்னை நிலவுவரை அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் குறிப்பு, நான் பேசப் பேச, வலையில் சேராத தனிக் கருவியில் பதிவாகிறது. சென்னை அலுவலகம் படிக்க முடியாது. ஆகவே படிப்பவர் என்னிடம் பணிவை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜூன் 4, பகல் 1.30

ஒரு பயனரின் புகார்: மூலப் படத்தில் உள்ள புள்ளி, சுத்தம் செய்த படத்தில் இல்லை.

இது பழைய கோளாறு. நட்சத்திரப் பட்டியலில் இல்லாத ஒளிப்புள்ளி ஒரு படத்தில் தெரிந்து, அடுத்த படத்தில் அதே இடத்தில் இல்லையென்றால், சுத்தம் செய்யும் நிரல் அதை அழுக்கு என்று துடைத்துவிடும். மாற்றுவழி: மூலப் படத்தைப் பாருங்கள். நானே எழுதிய வரி.

நானும் மூலப் படங்களைப் பார்த்தேன். புள்ளி நகர்கிறது. இரண்டாவது தொலைநோக்கியிலும் அதே புள்ளி, அதே திசை. இரண்டு கண்ணாடிகளில் ஒரே அழுக்கு படியாது.

அது பாறை. கட்டடம் அளவு இருக்கும். நிலவை நோக்கித்தான் வருகிறது.

ஜூன் 4, மாலை 6.00

கையில் இருந்த சில படங்களை வைத்துக் கணக்குப் போட்டேன். நாளை மறுநாள் விழும். விழும் இடம் பள்ளத்தாக்கு முகாம். அங்கே ஆன்டெனாக்களைப் பழுதுபார்க்கும் சுயம்புலிங்கமும் அவனோடு இரண்டு மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள்.

விண்பாறை எச்சரிக்கை மையத்துக்கு எழுதினேன். பதில் இயந்திரத்திடமிருந்து வந்தது: அந்த இடத்தில் பொருள் எதுவும் இல்லை. மையம் சுத்தம் செய்த படங்களை மட்டுமே படிக்கும்!

சென்னையில் என் மேலாளர் கோதண்டபாணியைக் கூப்பிட்டேன். அவர் குரல்: “அது தெரிஞ்ச கோளாறுதானேம்மா? மாற்றுவழியும் நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் என்ன பதட்டம்? மையம் சொல்லாம முகாமைக் காலி பண்ண முடியாது. பண்ணா நான் பதில் சொல்லணும்.”

மூன்று உயிர்கள் என்றேன். “எழுத்துல அனுப்புங்க” என்றார்.

ஜூன் 5, காலை 7.45

எழுத்தில் அனுப்பியதற்குப் பதில் இல்லை. அவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை. அவர்களுடைய மென்பொருளை ஏமாற்றப் போகிறேன்.

பட்டியலில் உள்ள நட்சத்திரங்களைச் சுத்தம் செய்யும் நிரல் தொடாது. எனவே புள்ளி நின்ற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொய் நட்சத்திரத்தைப் பதிந்தேன். படங்களை நிரலில் மறுபடி ஓட்டினேன். பாறை துடைபடவில்லை. மையத்துக்கு இனிக் கண் தெரியும். அது முழுக் கணக்கையும் முடிக்க நாளை காலை ஆகும்.

அதுவரை காத்திருக்க மனம் ஒப்பவில்லை. யாரையும் கேட்காமல் சுயம்புவை ரேடியோவில் அழைத்தேன்.

“யக்கா, சென்னையிலேர்ந்து ஒரு தாக்கலும் வரலியே. நீங்க சொல்லுதது மெய்தானா?”

“படத்தைக் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுதேன். கெளம்பு.”

“நீங்க சொன்னாச் சரிதான். பயலுவளக் கூட்டிக்கிட்டு ஒங்ககிட்டயே வாரேன். நாலு பேருக்குச் சோறு வைங்க.”

பாதை மோசம். நாளைக் காலை வந்து சேருவார்கள். இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தேன்.

ஜூன் 6, காலை 8.20

கோதண்டபாணி விழித்துக்கொண்டார். “பட்டியல்ல பொய் நட்சத்திரமா? இது தரவு மோசடிம்மா. உங்க லாகின் கணக்கை முடக்கச் சொல்லிட்டேன். கமிட்டி கூடுற வரைக்கும் எதையும் தொடாதீங்க.”

ரேடியோவும் அதே கணக்கில்தான் இயங்குகிறது. என்னால் கேட்க முடியும், பேச முடியாது.

8.50

மையத்தின் அறிவிப்பு திரையில் வந்தது. பொருள் உறுதி. மோதல் உறுதி. இரண்டு தொலைநோக்கிகளின் எல்லாப் படங்களையும் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். என்னிடம் இருந்தவை போதவில்லை.

அது முகாமில் விழாது. காப்பகத்தின்மேல் விழும்.

அவர்கள் அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். நான்தான் கிளம்பச் சொன்னேன்.

9.05

திரை உடனே வெளியேறு என்கிறது. எதில்? காப்பகத்துக்கும் முகாமுக்கும் சேர்த்து ஒரே வண்டி, அது முகாமில்தான் இருந்தது. இப்போது என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. சென்னைக்கு அது தெரியாது. ரேடியோவில் கோதண்டபாணி “லைன்ல இருக்கீங்களா, பதில் சொல்லுங்க” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். வாயைப் பூட்டியவனே பேசச் சொல்கிறான்.

9.30

வடக்கு மேட்டில் வண்டியின் விளக்கு தெரிகிறது. அது வந்து சேரும் வேளையில்தான் பாறையும் விழும்.

அவர்கள் எங்கள் கோபுர விளக்கைக் குறிவைத்து ஓட்டுகிறார்கள். கோபுரம் அணைந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், உத்தரவு வரும்வரை நகரக் கூடாது. இது பயண விதி. மேட்டிலேயே நின்றால் பிழைக்க வழி உண்டு, அந்தப் பக்கம் பின்வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் கோபுரத்துக்குத் தனி ஸ்விட்ச் இல்லை. அணைத்தால் எல்லாம் அணையும், காற்றும்.

அணைக்கிறேன்.

9.34

விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டேன். குறிப்புக் கருவி பேட்டரியில் ஓடுகிறது. ஜன்னல் வழியே பார்க்கிறேன்.

வண்டி நின்றது. பின்வாங்கு சுயம்பு. திரும்பிப் போ.

9.37

விளக்கு அசைகிறது.

திரும்பவில்லை. கீழே இறங்குகிறான். முன்னைவிட வேகமாக. இங்கே மின்சாரம் போய்விட்டது, அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து

ஐயோ. என்னைக் காப்பாற்ற வருகிறான்.

கதவைக் கையால் திறக்க வேண்டும். கையில் டார்ச் இருக்கிறது. எதிரே ஓடுகிறேன். போ என்று காட்டினால் வா என்று அவன்