நாத்தனார் வாங்கிய லைன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பேச்சு பிரமாதம். என்னை நானே மெச்சிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் டைரியிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மருத்துவமனையின் கூட்ட அறை. கிளையில் புதிதாக ஸ்கேன் பிரிவு திறக்கிறார்கள். படம் எடுப்பது அங்கே, பார்த்துச் சொல்லும் டாக்டர் இருப்பது இங்கே. இரண்டையும் இணைக்க லைன் வேண்டும். நிர்வாக அதிகாரி ஆரம்பத்திலேயே கொக்கி போட்டார். “ஈதர்நெட்னா எங்க கம்ப்யூட்டர் வயர்தானேம்மா? அதை எதுக்கு நீங்க விக்கிறீங்க?”

நான் சுவரிலிருந்து அந்த வயரையே பிடுங்கிக் காட்டினேன். “இதேதான் சார். இது உங்க கட்டடத்தோட நின்னுடுது. நாங்க ஊரைத் தாண்டிக் கொண்டுபோய், உங்க கிளையில இதே மாதிரி ஒரு சாக்கெட்ல முடிக்கிறோம். நடுவுல என்ன நடக்குதுங்கிறது எங்க தலைவலி.”

பிறகு வகைகளைச் சொன்னேன். இரண்டே இடங்களை இணைக்கும் தனிப்பாதை ஒன்று. பல கிளைகள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல எல்லோரும் எல்லோரோடும் பேசுவது இன்னொன்று. கிளைகள் தங்களுக்குள் பேசாமல் தலைமை அலுவலகத்தோடு மட்டும் பேசுவது மூன்றாவது. “உங்களுக்கு ரெண்டு கட்டடம். முதல் வகை போதும்,” என்றேன். விலை கூடிய வகையை விற்காமல் விட்டேனென்று என் மேலாளர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். மிதிக்கட்டும்.

மூலையிலிருந்து ஒரு குரல்: “நீங்க சொல்ற வேகம் எப்பவும் வருமா மேடம், இல்ல நல்ல நாள் பாத்துத்தான் வருமா?”

கணினிப் பிரிவின் தலைவி. என் கணவரின் தங்கை. நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவள். மேடமாம்!

“எழுதிக் குடுக்கிற வேகம் எப்பவும் உண்டு மேடம். அதுக்கு மேல, பாதை காலியா இருந்தா வரும். இல்லன்னா எங்களைத் திட்டக் கூடாது.”

சிரிக்காமல் குறித்துக்கொண்டாள்.

மார்ச் 5, வியாழன்

ஆர்டர் எங்களுக்கே. வீட்டில் பூதக்கண்ணாடி வந்திருந்தாள். அது என் நாத்தனாருக்கு அவள் அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர். எதிலும் குறை கண்டுபிடிப்பாள். என் கல்யாணப் புடவையில் ஒரு நூல் பிரிந்திருந்ததை மேடையேறி வந்து சொன்னவள்.

“உங்க முகத்துக்காகக் குடுத்தேன்னு நெனச்சுக்காதீங்க அண்ணி. மூணு கம்பெனியில உங்களோடதுதான் தேறுச்சு. ஆனா எங்க அதிகாரி ‘சொந்தக்காரங்க லைனா?’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. இந்த மாசக் கடைசியில என்னை நிரந்தரம் பண்ணணும். லைன் படுத்துச்சுன்னா நானும் படுத்தேன்.”

“படுக்காது,” என்றேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் லைன் படுத்ததாகச் சரித்திரம் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

லைன் ஏறிவிட்டது. சோதனைக் கருவியில் எல்லாம் பச்சை. சோதனைத் தகவலைச் சின்னது, நடுத்தரம், பெரியது என எல்லா அளவிலும் விட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடத் தொலையவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

எங்கள் லைன் வழியாகக் கிளையிலிருந்து போன் பேசினால் மணி மணியாகக் கேட்கிறதாம். ஸ்கேன் படம் மட்டும் வரவில்லையாம். அனுப்பினால் அப்படியே நின்றுவிடுகிறதாம்.

எங்கள் பக்கம் திரும்பச் சோதித்தேன். பச்சை. அவர்கள் மெஷினில்தான் ஏதோ.

மார்ச் 13, வெள்ளி

சண்டை.

“அண்ணி, உங்க லைன்லதான் கோளாறு.”

“எங்க லைன் சுத்தமா இருக்கு. உங்க சர்வரைப் பாரு.”

“பாத்துட்டேன். ஸ்கேன் கம்ப்யூட்டரையும் சர்வரையும் பக்கத்துல வெச்சு நேரா இணைச்சா படம் பறக்குது. உங்க லைன் வழியாப் போனா செத்துப்போகுது.”

“போன் எப்படி வேலை செய்யுது அப்போ? கல்யாணப் புடவையில நூல் பாத்த மாதிரி என் லைன்லயும் பாக்காதே!”

சொல்லியிருக்கக் கூடாது. அவள் போனை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை திறப்பு. அந்த அதிகாரி இப்போதே “சொந்தக்காரங்க லைன்” என்று முகத்தைச் சுளிக்க ஆரம்பித்திருப்பார். என்னவர் எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

லைன் சுத்தம்தான். சுத்தம்தானே? பச்சை பொய் சொல்லுமா?

மார்ச் 14, சனி

காலையில் அவளே கூப்பிட்டாள். கோபமே இல்லாத குரல். அதுதான் இன்னும் சுட்டது.

“கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டிக்கிட்டே அனுப்பிப் பாத்தேன் அண்ணி. ஒரு அளவு வரைக்கும் ஒழுங்காப் போகுது. முழுசா நிரப்பி அனுப்பினா காணோம். சரியா நாலு பைட் குறைச்சா போகுது. நாலே நாலு. அது என்ன கணக்கு?”

அந்த நாலு எனக்குத் தெரியும்! காபியைக் கொட்டிக்கொண்டேன்.

ஈதர்நெட்டில் தகவல் உறை உறையாகப் போகிறது. ஸ்கேன் வேறு, போன் வேறு என்று பிரித்துவைக்க, இவள் ஒவ்வொரு உறை மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். சீட்டின் அளவு நாலு பைட். இது யாருடைய உறை என்று தெரிய நாங்களும் எங்கள் சீட்டு ஒன்றை மேலே ஒட்டுகிறோம். ஆக இரண்டு சீட்டு. வழியில் எங்கோ ஒரு பெட்டி ஒரு சீட்டுக்குத்தான் இடம் விட்டிருக்கிறது. அதைத் தாண்டிப் பருத்த உறையைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. போன் பேச்சு சின்னச் சின்ன உறை, நுழைந்துவிடும். ஸ்கேன் படம் முழுக்க முழுக்க நிரம்பிய உறை, சிக்கிக்கொள்ளும்.

நாங்களும் பெரிய உறையை விட்டுத்தான் சோதித்தோம். ஆனால் வாடிக்கையாளர் சீட்டு ஒட்டாத வெறும் உறை. எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். கருவி அப்படித்தான் வருகிறது, யாரும் தொட்டதில்லை. நானும்.

கருவியில் அவள் சீட்டு மாதிரியே ஒன்று ஒட்டி, உறையை முழுக்க நிரப்பி விட்டேன். சிவப்பு. இவ்வளவு சந்தோஷமாகச் சிவப்பைப் பார்த்தது வாழ்க்கையில் முதல் தடவை.

கிளைப் பக்கத்துக் கடைசித் துண்டு எங்களுடையது இல்லை, இன்னொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது. அங்கே அப்போது பணியிலிருந்த பொறியாளரைப் போனில் பிடித்தேன். “எங்க பெட்டி சுத்தமா இருக்கு மேடம். உங்க பக்கம் பாருங்க,” என்றார். நேற்று என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை! கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? பொறுமையாக உறைக் கதையைச் சொன்னேன். பார்த்தார். இருமினார். பெட்டியில் அளவைக் கூட்டிவைத்தார்.

பச்சை. இந்தத் தடவை உண்மையான பச்சை.

அவளைக் கூப்பிட்டேன். “போகுதா?”

“போகுது அண்ணி. கண்ணு முன்னாடி முதுகெலும்பு ஒவ்வொண்ணா வந்து நிக்குது.”

“நேத்து நான் பேசினது தப்பு.”

“அந்த நூல் நிஜமாவே பிரிஞ்சிருந்துச்சு அண்ணி. போட்டோவுல அசிங்கமாத் தெரியுமேன்னுதான் ஓடி வந்தேன்.”

இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது.

மார்ச் 16, திங்கள்

திறப்பு. நானும் போயிருந்தேன். முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர், இடுப்பு வலி. அவர் இறங்கிச் சட்டை மாட்டுவதற்குள் படம் இங்கே டாக்டர் திரையில் வந்துவிட்டது. நிர்வாக அதிகாரி விடவில்லை. “ரெண்டு நாள் மக்கர் பண்ணுச்சாமே. சொந்தக்காரங்கன்னு மூடி மறைக்கலையே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “மறைக்கலை சார். கோளாறு அவங்க பக்கம்தான்னு எழுத்துல புகார் குடுத்தேன். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. வேற கம்பெனியா இருந்தா இன்னும் ‘உங்க சர்வரைப் பாரு’ன்னுதான் சொல்லிட்டிருப்பாங்க.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். எனக்குக் காது சிவந்துவிட்டது.

மார்ச் 31, செவ்வாய்

நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். ஒரு வரி மெசேஜ், அதிலும் ஒரு கேள்வி: “போன வாரம் வேகம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சே?” குறையவில்லை. இருந்தாலும் பார்த்துவிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

ஒரு கல்லூரிக்கு லைன் ஏற்றும் நாள். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் களத்திலிருந்து கூப்பிட்டார். “எல்லா டெஸ்ட்டும் பாஸ் மேடம். ஆனா கையெழுத்து வாங்கப் போனா சீனியர் விடமாட்டேங்கிறாரு. ‘நாத்தனார் டெஸ்ட்’ முடிச்சியாங்கிறாரு. புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையே?”

“வாடிக்கையாளர் சீட்டை ஒட்டி, உறையை முழுசா நிரப்பி விடுப்பா. அதுதான். ஒரு பைட் தொலைஞ்சாலும் கையெழுத்து வாங்காதே.”

“சரி மேடம். யாரோட நாத்தனார் அது?”

“என்னோட நாத்தனார்,” என்றேன்.