மாமிக்கும் எங்களுக்கும் நடுச்சுவர்

ஜூன் 10, செவ்வாய்

பீரோவை நகர்த்தினேன். பின்னால் சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. பட்டுப்புடவை மடிப்பில்கூட வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன். கை எரிகிறது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து விடாத இருமல் இதனால்தானா?

ஜூன் 14

திரும்ப வந்துவிட்டது. அதே இடம், இன்னும் அகலமாக.

கணவர் மகேஷிடம் காட்டினேன். தம்பானூர் ஹோட்டல் அடுப்படியில் நாளெல்லாம் நிற்கிற மனுஷனுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும். "எனக்கு ஒரு நாத்தமும் தெரியலியே. மழை நின்னா காஞ்சிரும்" என்கிறார்.

வீட்டுக்கார சரஸ்வதியம்மாள் மாமி இதே வீட்டின் மறுபாதியில் தனியாக இருக்கிறார். நடுவில் இந்த ஒரு சுவர்தான். வாசலில் நின்றபடியே பதில்: "கரமனையில மழைன்னா பூப்பல் வரத்தான் செய்யும். ஈரத்துணிய உள்ள உணத்தாதே, கேட்டியா."

பூப்பலாம், இந்தப் பூஞ்சை. நான் எங்கே துணியை உள்ளே காயப்போட்டேன்?

ஜூன் 17

இருமல். இருமல். இருமல்.

ஜூன் 19

கழக்கூட்டம் ஆபீசில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்வது என் வேலை. குரல்தான் சோறு போடுகிறது. இன்று ஒரு பெரியவரிடம் பேசும்போது இருமல் நிற்கவே இல்லை. "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று அவரே வைத்துவிட்டார்.

டீம் லீடர் ரெஷ்மா கூப்பிட்டாள். "சுஜா, இருமல் மாறுறது வரை போன் எடுக்க வேண்டாம். அடுத்த மாசக் கடைசி வரை பாக்கலாம்."

அப்புறம்? வேலை இருக்குமா?

ஜூன் 23

சில நாளாய் நல்ல வெயில். இந்தச் சுவர் மட்டும் சொதசொதவென்று. மழையே இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வரும்? மாமி பக்கத்துக் குழாய்தான்.

"ஒரு தடவை உள்ள வந்து பாக்கட்டுமா மாமி?"

கதவைச் சாத்திவிட்டார். மூஞ்சிக்கு நேரே!

அப்படி என்னத்த ஒளிச்சு வச்சிருக்காங்க உள்ள? நான் இருமி இருமிச் சாகணுமா?

ஜூன் 25

லீவு. மத்தியானம் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் — என்னுடையது மாதிரியே வறட்டு இருமல். எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"மாமி, உங்களுக்கும் இருக்குல்ல?"

வழி விட்டார்.

படுக்கையறை உத்தரம் வரை கறுப்பு. குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிகிறது. மாமி அடுக்களைத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்.

"கேசவ்கிட்ட சொல்லிடாதே. வீடு கேடாச்சுன்னு தெரிஞ்சா வித்துட்டு என்னைப் பெங்களூருக்கு அழைச்சுண்டு போயிடுவான். பிள்ளை வீடுதான், ஆனா அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லமாட்டேன் என்றேன்.

ஜூன் 27

மகேஷ் பிளம்பரைக் கூட்டிவந்தார். சுவரை முழுசாக இடித்துக் கட்ட வேண்டுமாம். இடித்தால் கேசவுக்குத் தெரிந்துவிடும் என்று மாமி தொட விடவில்லை. அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்த மகேஷ், "நாம வேற வீடு பாத்துருவோம்" என்றார்.

நாங்கள் போய்விடலாம். மாமி?

ஜூன் 29

கேசவுக்குப் போன் செய்துவிட்டேன்.

மாமியோட நெஞ்சுக்காகத்தான் சொன்னேனா? இல்ல, அன்னைக்கு மூஞ்சிக்கு நேரே சாத்தின கதவுக்காகவா? தெரியல. சத்தியமா தெரியல.

ஜூலை 2

கேசவ் வந்தார். அறையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

ஜூலை 4

மாமியை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது.

ஜூலை 24, வியாழன்

புது வீடு மாடியில். காற்று வருகிறது. இருமல் நின்று ஒரு வாரமாகிறது. ரெஷ்மா திங்கட்கிழமையே ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாப்பாட்டு வேளையில் மாமிக்குப் போன் போட்டேன். எத்தனையோ தடவை எடுக்கவில்லை. இன்று எடுத்தார்.

"மாமி, நான் சுஜா."

பின்னால் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க மழையே இல்லை" என்றார்.

போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.