பரிவட்டம் வேண்டாம் என்றவருக்கு

என்னங்க,

இன்று காலை லிட்டில் இந்தியாவில் பூ வாங்கப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் கட்டிய சம்பங்கி மாலையை என் முகத்துக்கு நேரே தொங்கவிட்டார். அந்த வாசம் வந்ததும் நீட்டிய காசு கையிலேயே நின்றுவிட்டது. கோயில் மண்டபத்தில் உங்கள் கழுத்தில் விழுந்ததும் சம்பங்கிதான். நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் உங்களோடு பேச எனக்கு நிறைய மிச்சம் இருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்றே அத்தை வம்சத்தைச் சொல்லிவிட்டார். இருநூறு வருடங்களுக்கு முன் கும்பெனிக்காரன், சிவகங்கைச் சீமையில் தன்னை எதிர்த்தவர்களைக் கப்பலேற்றி இந்தப் பினாங்குத் தீவில் கொண்டுவந்து விட்டான். அவர்களில் பட்டம் கட்டிய பாளையக்காரர் ஒருவரின் வழியில் வந்தவராம் நீங்கள். கல்யாணமாகி வந்து பார்த்தால் அரண்மனை சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருந்தது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ராஜா பாலிக் புலாவ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். "அரசே, குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போடுங்க" என்பேன். நீங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பையைத் தூக்கிப் போவீர்கள்.

அத்தைக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. புருஷன் போனபின் நாலு வீட்டில் துணி துவைத்து உங்களை வளர்த்தவர். யாராவது ஏளனமாகப் பார்த்தால் நிமிர்ந்து நிற்க அந்த ஒரு பேச்சுதான் அவரிடம் இருந்தது. அதனால்தான், அந்தக் கப்பலில் வந்தவர்களுக்கு விழா எடுக்கும் சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்து, வாரிசு என்று உங்களை மேடையேற்றித் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்யப்போகிறோம் என்றதும் அழுதுவிட்டார். வேண்டாம் என்று முனகிய நீங்கள், அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டீர்கள்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அத்தை, பக்கத்தில் கல்யாணப் பட்டோடு நான். பொய் சொல்வானேன், எனக்கும் ராணியாக உட்கார ஆசைதான். தலைவர் மாலையைப் போட்டுவிட்டுப் பட்டுத் துணியை விரித்தார். நீங்கள் அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு மைக் பக்கம் திரும்பினீர்கள்.

"அண்ணே, அந்தக் கப்பல்ல ஒரு கூட்டமே வந்துச்சு. பட்டக்காரங்க அதுல கொஞ்சப் பேருதான். அவங்கள நம்பிச் சண்டைக்குப் போனவன், குதிரைக்குப் புல்லு போட்டவன், எல்லாரும் அதே விலங்கோடதான் வந்தாங்க. நான் யாரோட வம்சம்னு எங்கம்மா சொல்லித்தான் தெரியும். எனக்குக் கட்டிட்டா, மத்தவங்க புள்ளைங்களுக்கு யாரு கட்டுவா?"

தலைவர் துணியை மறுபடி மடித்தார். கடைசியில் பூசாரி அதை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். எனக்கு அத்தை பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவரிடமிருந்த ஒரே சொத்தை மகனே ஊரறியக் கை கழுவிவிட்டானே.

நீங்கள்தான் கார் ஓட்டி எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். உங்கள் முகம் வெளுத்துக் கிடந்தது. பாதி வழியில் அத்தை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "குடுக்கிறத வேணாம்னு சொல்றதுக்கு ஒரு தெனாவட்டு வேணும்லா. அது எல்லா வம்சத்துக்கும் வராது."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கார் ஒருதரம் ஆடியது. அன்று உங்கள்மேல் எனக்கு வந்த பெருமை இன்றுவரை இம்மியும் குறையவில்லை.

போன வாரம் நம் மகன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து போன் செய்தான். சங்கத்தில் இந்த முறை பரிவட்டம் கட்டிக்கொள்ள அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு ஆசை இருப்பது குரலிலேயே தெரிந்தது. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா என்று கேட்டுப் பார் என்றேன். கேட்டானாம். மற்றவர்களின் பிள்ளைகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

"அப்போ நான் என்னம்மா சொல்லட்டும்?" என்றான்.

"தேடட்டும்பா. அவங்க எல்லாருக்கும் கட்டி முடிக்கட்டும். நாம கடைசியா கட்டிக்கலாம்" என்றேன்.