யாராவது கதவைத் தட்டினால்

முருகன் துணை

வெள்ளவத்தை,
9.2.2005

அன்பு மகள் பவளராணிக்கு,

இதை எழுதும் நேரம் வரை நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மருமகன் இராமரும் குட்டிப் பயலும் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கதிர்காமத்தான் துணை நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ டெலிபோனில் பேசிவிட்டு வைத்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு பேரனுக்குப் பல் வந்துவிட்டதா, பேதி போகிறதா என்று கேட்டே உன் டெலிபோன் கார்டை முடித்துவிட்டாள், நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடிதம். கோபப்படாமல் முழுவதும் வாசி. வாசித்த கையோடு வழக்கம்போல மைக்ரோவேவ் மேல் எறிந்துவிடாதே. இங்கே ராக்கம்மா அத்தை இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறாள். கடல் வந்த அன்று ஹெந்தளையில் அவளுடைய குசினிக்குள் அடுப்படி வரை முழங்கால் அளவு தண்ணீர், உப்பு ஊறிய சுவர் இன்னும் காயவில்லை என்கிறாள். காய்ந்தாலும் போகமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். என் அக்காவாக இருந்தும் சொல்கிறேன், அவளும் உன் அம்மாவும் ஒரே குசினியில் நிற்பது லேசான விஷயம் இல்லை.

நீ சிரித்துக்கொண்டே சொன்ன கதைக்கு வருகிறேன். மருமகன் லொறியோடு போயிருந்த நாளில், தீயணைப்புக்காரர் போடும் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள், வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, தனியாக இருப்பவர் யார் என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள், நீ டீவியை நிறுத்திவிட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாய், அவளுடைய கார் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தாய். அவள் வைத்துவிட்டுப் போன புத்தகத்தில் பனிப்புயலில் கரண்ட் போனால் மூன்று நாளைக்குத் தண்ணீர், டோர்ச், கம்பளி, பெட்டரியில் பாடும் ரேடியோ, பிள்ளைக்குப் பால்மா எல்லாம் ஒரு பெட்டியில் வை என்று இருந்ததாம். இதெல்லாம் எதுக்குப்பா, இந்த ஊர்ல கடல் இல்ல, மலை இல்ல, பூமி ஆடுறதில்ல, ஆபத்துக் கொறஞ்ச எடம்னு அவங்க புத்தகத்துலயே போட்டிருக்கு என்றாய். வீட்டுல யாரு யாரு இருக்கானு ஒருத்தி கணக்கெடுக்க வந்தா நான் கதவத் தொறப்பனா என்றும் கேட்டாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பாத்ரூம் தரை என்று சொன்னதும் எனக்கு நாம் முன்பு இருந்த தெமட்டகொடை வீட்டின் பாத்ரூம்தான் கண்ணுக்குள் வந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம், நீ என் மடியில், உன் வாயை என் கை பொத்தியிருந்தது. வெளியே ஒருவன் வாக்காளர் பெயர் எழுதிய கடதாசியைப் பார்த்து எங்கள் பெயரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். உனக்கு ஞாபகம் இல்லை என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் தலைக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், காலுக்கு இருக்கிறது.

ஆபத்துக் குறைந்த இடம் என்று புத்தகத்தில் போட்டால் ஆபத்து அதை வாசித்துவிட்டா வரப்போகிறது. நம் தீவிலும் பூமி ஆடாது, எரிமலை இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு ஆபத்து என்றால் மனிதர்களிடமிருந்துதான் வரும், கடல் என்பது சாயந்தரம் காற்று வாங்கப் போகிற இடம். நத்தார் பண்டிகைக்கு மறுநாள் அது நம் தெரு ஒழுங்கையின் அடியில் ரெயில் தண்டவாளத்தை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. தெற்கே காலியிலும் கிழக்கிலும் என்ன செய்தது என்பதை நீ டீவியில் பார்த்தாய், நான் திரும்பச் சொல்லவில்லை. அதன் பிறகு சில நாளில் நடந்ததை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. வெட்கம். இப்போது சொல்லாமல் இருக்க முடியாது.

காலைச் சாப்பாடு முடிந்து நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து சனம் எதிர்ப்பக்கம் காலி வீதியை நோக்கி ஓடுகிற சத்தம், கூச்சல், யாரோ ஒவ்வொரு கேட்டாக அடித்துக்கொண்டு வருகிறார்கள். நம் கேட்டையும் அடித்து, எளியட்ட எண்ட, எளியட்ட எண்ட என்று ஒருவன் கத்தினான். வெளியே வாருங்கள் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு ஒருவன் கேட்டை அடித்தால் நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். உன் அம்மா ஜன்னல்களைச் சாத்தினாள், நான் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன், அத்தை ரேடியோவை நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் தொங்குகிற நம் பழைய பையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பின்னறையில் போய் உட்கார்ந்தோம். கடல் வருகிறது, முஹுத எனவா என்றும் அவன் கத்தினான் மகளே. அது என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்தும் நான் நம்பவில்லை, நம்மை வெளியே இழுக்க ஒரு சாட்டு என்றுதான் நினைத்தேன். அத்தை மட்டும், டேய் கட்டையா, கடல்னுதானடா சொல்றான் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பேசாம இருங்க மைனி, கதவத் தொறக்காதீங்க என்று உன் அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். கடலிலிருந்து நாலாவது வீட்டில், நாங்களே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்று கடல் வரவில்லை. யாரோ எங்கிருந்தோ கிளப்பிவிட்ட எச்சரிக்கை, மத்தியானத்துக்குள் சனம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. வந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத ஆள் இல்லை. அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் கலியாணப் பதிவு, கொழும்பில் இருக்கப் பொலிஸில் பதிந்த துண்டு, உன் ஓ லெவல் சர்டிபிகேட் எல்லாம் பத்திரமாக இருந்தன. நாம் யார் என்று காட்ட எல்லாம் இருந்தது, குடிக்க ஒரு போத்தல் தண்ணீர் இல்லை. நான் உள்ளே சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

கேட்டை அடித்தவன் நிக்கலஸ். நீ போன பிறகு சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை போட்டவன், நீ பார்த்ததில்லை. பின்னேரம் வந்து ஏன் ஐயா வரவில்லை என்று கேட்டான். அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை, ஆனால் கோபிக்கவும் இல்லை. அடுத்த தடவை நான் எப்படிக் கூப்பிட்டால் வருவீர்கள் என்று கேட்டான். என் பெயரைச் சொல்லி வேலுசாமி என்று கூப்பிட்டால் போதாது, அது எல்லாருடைய லிஸ்டிலும் இருக்கிற பெயர், தெமட்டகொடையிலும் அதைத்தான் வாசித்தார்கள். உள்ளே இருந்து அத்தைதான் கத்தினாள், கட்டையானு கூப்பிடச் சொல்லுடா என்று. உயரம் போதாததால் அக்கா எனக்கு வைத்த பெயர், எந்தக் கடதாசியிலும் இல்லை, அவளைத் தவிர உயிரோடு யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. நிக்கலஸ் அதை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பழகினான். இனி ஒரு ஆபத்து என்றால் அறுபத்து நாலு வயதுக்காரனைத் தெருவே கேட்க ஒருவன் கட்டையா என்று கூப்பிடுவான், நான் போய்க் கதவைத் திறப்பேன். மானம் போனால் போகட்டும்.

இப்போது உனக்குச் சொல்கிறேன். மருமகன் ஒரு தடவை போனால் நாலைந்து நாள் வரமாட்டார். பக்கத்து வீடு சோள வயலுக்கு அந்தப் பக்கம், சத்தம் போட்டால் கேட்காது என்று நீயேதான் சொன்னாய். பனியில் கரண்ட் போய் வீடு உறைந்தால் நீ இருக்கிறாய் என்றே யாருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுடைய கணக்குப் புத்தகத்தில் உன் வீட்டுக்கு நேரே ஆள் இல்லை என்றுதான் எழுதியிருப்பாள். அவள் கேட்டதும் தெமட்டகொடையில் வந்தவர்கள் கேட்டதும் ஒரே கேள்விதான், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. ஆனால் அவள் கேட்டது முதலில் யாரைத் தூக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. எல்லாரையும் நம்பு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், எனக்கே அது வராது. இந்த ஒருத்தியை மட்டும் நம்பு. மருமகன் வீட்டில் நிற்கிற நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போய் அவளைக் கண்டுபிடி. கைக்குழந்தை உண்டு, தனியாக இருக்கிறேன் என்று உன் வாயால் சொல். வெறுங்கையோடு போகாதே, கொஞ்சம் பால் டொஃபி செய்து கொண்டுபோ. பெட்டியில் தண்ணீரும் பால்மாவும் வை, சர்டிபிகேட்டை அதற்குப் பிறகு வை. டோர்ச்சைப் பிள்ளை விளையாட எடுத்துக் கொடுக்காதே.

அம்மா உனக்குச் சரக்குத்தூளும் குட்டிக்கு வசம்பும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், ஆள் போனால் அனுப்புவோம். அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. பவளராணி என்பது உன் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அது வேண்டாம். நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயரை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடு. வெள்ளைக்காரர் வாய்க்கும் வரும், சின்னப் பெயர்தான். சரியாக வரும் வரை சொல்லச் சொல். பிறகு எந்தப் பனியிலாவது யாராவது வந்து தட்டி அந்தப் பெயரைச் சொன்னால், பாத்ரூமுக்குப் போகாதே. பொம்மி, கதவைத் திற.

இப்படிக்கு,
உன் அப்பா
கட்டையன்