உப்பேரியில் ஒரு காலி ஆணி

ஜூன் 8
பூமியின் இந்தத் தென்பாதியில் ஜூன் என்றால் குளிர்காலம். ஊரில் என் வயதுக்காரி நான் ஒருத்திதான். ஊருக்கு ரயில் வருவது நின்றதும் மற்றவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். தேவாலயத்துப் பூனையும் யோசிக்கிறது.

ஜூன் 11
ஏரிச் சேற்றுக் குளியலில் குணமானவர்கள் தங்கள் கைத்தடியைக் குளியலகச் சுவரில் மாட்டி, அடியில் பெயர் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம். இன்று அதில் ஒன்றை எடுத்து நொண்டிக்கொண்டே போய்ச் சேற்றில் இறங்கினேன். தடியை விட்டுவிட்டு எழுந்தேன். "ஐயோ, நடக்குறேனே!" வெளியூர்க் கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். குளியலகக் காவலர் எலீசேயோ என் காதைத் திருகினார். "அடியே ரோமினா, வாயிலதான் உனக்கு நொண்டியே இல்ல!" பிறகு மெதுவாக, "நாளைக்கும் வா. கூட்டம் சேருது."

ஜூன் 19
தினமும் குணமாகிறேன். கைதட்டுகிறார்கள். வீட்டுக்குத் தனியாக நடக்கும்போது ஏரி மட்டும் சளப் சளப்பென்கிறது.

ஜூலை 2
அற்புதத்தை நம்பி ஓர் அம்மா பேருந்தில் மகனைக் கூட்டி வந்திருக்கிறார். அனிபால். என் வயது. கால் நிஜமாகவே சூம்பியது.
"குணமான பொண்ணு நீதானா?"
ஆமென்று தலை ஆடிவிட்டது. பாழாய்ப்போன தலை.

ஜூலை 6
ஒரே குவளையில் மாத்தே இலைத் தேநீர் குடித்தோம். கூப்பிட்ட குரலுக்கு யாரும் வராததால் அந்தக் காலத்துப் பழங்குடித் தலைவன் மகள் அழுதழுது ஏரி உப்பான ஊர்க் கதையைச் சொன்னேன். "உப்பு கண்ணீரு. சேறு அவ மூக்குல இருந்து வந்தது." சிரித்ததில் மாத்தே அவன் மூக்கு வழியே வந்தது.
பொய் தெரிந்தால் இவனும் போய்விடுவான். அப்புறம் யாருடி உனக்கு? பூனையா?

ஜூலை 13
இன்று மறைக்க முடியவில்லை. "அனிபால், என் காலு..."
"தெரியும். அம்மாகிட்ட இடது காலுன்ன, என்கிட்ட வலதுன்ன."
"அப்புறம் ஏன்டா இருந்த?"
"என் காலு சரியாகாதுன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. அம்மாவுக்குத்தான் மனசு ஆறல." கொஞ்ச நேரம் தடியால் தரையைக் கீறினான். "எங்க ஊர்லயும் என்கூட யாரும் பேசறதில்ல."

ஜூலை 20
போய்விட்டான். தடியோடுதான். அதற்கு முன் சுத்தியல் வாங்கிச் சுவரில் ஆணி அடித்து, கீழே பெயர் எழுதினான்.
"தடி இல்லாம ஆணி எதுக்குடா?" என்றார் எலீசேயோ.
"இடம் பிடிச்சு வெக்கிறேன். அடுத்த குளிருக்கு வருவேன்."

ஜூலை 21
—

ஆகஸ்ட் 9
அற்புதம் காட்டச் சொன்னார்கள். முடியாது என்றேன். குளிக்க வந்த ஒருவர் காலியாக இருக்கிறதே என்று அந்த ஆணியில் தொப்பியை மாட்டினார். எடுத்துக் கையில் கொடுத்தேன். "ஆளு வராங்க."
உப்புக் காற்று இங்கே எதையும் விட்டுவைக்காது. ஆணிக்கு எண்ணெய் தடவிவிட்டு வந்தேன்.