ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள்

மார்கெட், மிச்சிகன்
ஆகஸ்ட் 4, 2008

ஓரினுக்கு,

பிரிந்து பன்னிரண்டு வருஷமாக விசாரிக்காத நலத்தை இன்று விசாரித்து என்ன ஆகப்போகிறது? நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மகள் மெர்னா ஒரு போட்டோ அனுப்பினாள். சாகினா கார் கண்காட்சியில் நம் 67 மாடல் போண்டியாக் கார். முன்னால், எல்லோரும் வைக்கிற அட்டை. “கட்டியவர்: ஓரின் ஸ்ட்ரௌட்” என்று கொட்டை எழுத்தில். அடியில் பொடியாக, “ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர்: முன்னாள் மனைவி.” அவள் கேட்டதற்கு, “சும்மா தமாஷ்டி, ஜனங்க சிரிக்கட்டுமேன்னு போட்டேன்” என்றாயாம். எனக்கு வயிறு எரிகிறது.

என் தையல் மிஷினை விற்று, பழைய வண்டிகளை உடைக்கும் கடையில் மூன்று கார்புரேட்டரைத் தேடி வாங்கி வந்தது யார்? எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் பூட்டியது யார்? மெர்னா வயிற்றில் ஏழு மாதம். குனிய முடியாமல் ஸ்டூலில் பக்கவாட்டில் உட்கார்ந்து பானெட்டில் காற்றுத் துளை வெட்டினேன். அதனால்தான் அரை இஞ்ச் கோணல். போட்டோவில் அந்தக் கோணலையே காணோம். என்ன செய்தாய்?

அட்டையில் என் பெயரை எழுது. வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

லெம்பி


சாகினா
ஆகஸ்ட் 11

லெம்பிக்கு,

வந்ததும் வராததுமாகச் சண்டையா? உன் குணம் மாறவே இல்லை.

வீட்டை விட்டுப் போனவள் நீ. மழை, பனி, துரு எல்லாவற்றிலிருந்தும் இந்த வண்டியைக் காப்பாற்றியவன் நான். நீ கூடமாட உதவி செய்தாய், இல்லையென்று நான் எங்கே சொன்னேன்? அட்டை அட்டையாகவே இருக்கட்டும். ஒரு வரித் தமாஷுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

பானெட் புதிது. கோணலுக்கு நடுவர்கள் மார்க் குறைக்கிறார்கள், மாற்றிவிட்டேன்.

ஓரின்

பி.கு.: சிக்னலில் நின்றால் எஞ்சின் இருமி இருமி அணைந்துபோகிறது. முன்பெல்லாம் நீ ஏதோ செய்வாயே, அது என்ன?


மார்கெட்
ஆகஸ்ட் 15

ஓரின்,

கூடமாட உதவியா? எழுதக் கை எப்படி வந்தது உனக்கு? அந்தப் பி.கு.வைத்தான் நீ அட்டையில் எழுதியிருக்க வேண்டும்!

மைலன் பந்தயத் திடல் ஞாபகம் இருக்கிறதா? 1971. நாம் ஜெயித்தோம். ஒருத்தர் வந்து, “யாருப்பா கட்டினது? பறக்குதே!” என்றார். நீ நெஞ்சை நிமிர்த்தி, “நான்தாங்க. இவ ஸ்பேனர் எடுத்துக் குடுப்பா” என்றாய். கையெல்லாம் கிரீஸோடு நான் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். எஞ்சின் மேல் மூடியிருக்கும் இடது பக்க டாப்பெட் கவரைக் கழற்றி உள்பக்கம் பார். கடையில் விடாதே. நீயே கழற்று. பார்க்காமல் எனக்குப் பதில் எழுதாதே.

லெம்பி


சாகினா
ஆகஸ்ட் 24

லெம்பி,

கழற்ற அரை நாள் ஆயிற்று. ஒரு போல்ட்டை முறித்தும் விட்டேன்.

ஆணியால் கீறியிருக்கிறாய்: “கட்டியது லெம்பி. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது ஓரின்.”

நேரே ஒர்க்‌ஷாப் கிளைடிடம் போனேன். எத்தனை தடவை அவன் அந்தக் கவரைக் கழற்றி மாட்டியிருப்பான்! “ஏன்டா, பாத்தியா இதை?” என்றேன். “மொத தடவையே பாத்துட்டேன். நமக்கேன் வம்புன்னு மூடிட்டேன்” என்கிறான் பாவி. “உண்மைதானே அது?” என்று வேறு கேட்டான். கோபம் கோபமாக வந்தது. அவன் மேலா, உன் மேலா என்று பார்த்தால், இரண்டும் இல்லை.

பழைய பானெட்டை நான் தூக்கிப் போடவில்லை. அதையே திரும்ப மாட்டிவிட்டேன். மார்க் போனால் போகட்டும். புது அட்டையின் போட்டோ இதோடு இருக்கிறது. நீ கீறியபடியே, ஓர் எழுத்து மாற்றாமல்.

அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. வருகிறாயா? எஞ்சின் இன்னும் அணைந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓரின்


மார்கெட்
ஆகஸ்ட் 28

ஓரினுக்கு,

போட்டோவை மூன்று தடவை பார்த்தேன். அழுதேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. முப்பத்தேழு வருஷக் கோபம், ஓர் அட்டையில் தீராது. நான் வரமாட்டேன்.

நடு கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். எஞ்சின் சூடான பிறகு இரண்டையும் கால் சுற்று வெளியே திருப்பு. அவ்வளவுதான். அணையாது.

சனிக்கிழமை யாராவது உன்னிடம், “யார் சரி பண்ணினது?” என்று கேட்பார்கள். மெர்னாவைப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். நீ என்ன சொன்னாய் என்று அவள் எனக்குச் சொல்லுவாள்.

லெம்பி