முதலாளியின் கசப்பு ரத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை.

போன கடிதத்தில் நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். கொசு சிலரைத் தேடித்தேடிக் கடிப்பது ரத்தம் இனிப்பதால் இல்லை, மூச்சும் தோலின் வாடையும் உடம்புச் சூடும்தான் இழுக்கிறது, பிள்ளைத்தாச்சிக்கு அது கூடுதல், கறுப்புத் துணி வேறு அதன் கண்ணில் படும், காற்றடித்தால் கிட்டே வரமுடியாது என்று எழுதியிருந்தாயே, எங்கள் தையல்கடையை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். பின்பக்கம் துணி நனைக்கிற தொட்டியில் தண்ணீர் மாற்றி மாதக்கணக்காகிறது. எண்ணெய்க் கறை தெரியக்கூடாதென்று முதலாளி எங்களுக்கெல்லாம் கருநீலக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார், அவருக்கு மட்டும் வெள்ளைச் சட்டை, மேஜைக்கடியில் காலைப் பார்த்து ஒரு ஃபேன். அந்தப் பெண்ணைக் கொசு பிய்த்தெடுக்கிறது. தொட்டியைக் கழுவச் சொன்னால், என்னைக் கடிக்கலையே, உங்க ரத்தம் இனிப்பு, என் ரத்தம் கசப்பு என்று இளிக்கிறார். செவ்வாய்க்கிழமை அவளிடம், சொறிஞ்சிக்கிட்டே இருந்தா வேலை ஆகாது, நாளையிலேர்ந்து வராதே என்றுவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அந்த ஃபேனைத் தூக்கி அவள் காலடியில் வைத்தேன். திரும்பி வந்து ஃபேன் எங்கே என்றார். உங்க ரத்தம்தான் கசப்பாச்சே, உங்களுக்கு எதுக்கு என்றேன். கடையே சிரித்தது. துணி கொடுக்க வந்தவர்கள் முன்னால் வீறாப்பாக உட்கார்ந்து பார்த்தார், அரைமணி தாங்கவில்லை, தன் காலைத் தானே பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டார், கண்குளிரப் பார்த்தேன். மறுநாளே தொட்டியைக் கழுவி மூடி போட்டாயிற்று, அவளையும் வேலையில் இருக்கச் சொல்லிவிட்டார்.

அதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் ஏன் அவரை முறைக்கிறே என்கிறார் அப்பா. முடியவில்லை. உன்னிடம் சொன்னதே இல்லை, உனக்குப் பிறகு எனக்கு ஒன்று தங்கியது, ஆறாம் மாதம் எனக்குக் கொசுக்காய்ச்சல் வந்து அது கலைந்துவிட்டது. அன்றைக்கும் இதே கடை, இதே தொட்டி, அன்றைக்கும் இவர் இதே பேச்சுத்தான் பேசினார். இத்தனை வருஷம் என் ரத்தத்தில்தான் குற்றம் என்று நம்பி என்னையே சபித்துக்கொண்டிருந்தேன், உன் கடிதம் வந்த பிறகுதான் யாரைச் சபிக்கவேண்டும் என்று தெரிந்தது.

நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். குளியலறை வாளியை மூடி வை, மறக்காதே.

கோபம் ஆறாத,
உன் அம்மா